ஓம் வாட் ஆன கதை: வேர்டில் குறியீடு தட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் கடை. பெயர்ப்பலகையில் ஜெராக்ஸ், டிடிபி, லேமினேஷன் என்று மூன்று வேலை போட்டிருக்கும். நான்காவது வேலை ஒன்று பலகையில் இல்லை: வீட்டில் நன்றாகத் தெரிந்த ஃபைல் கடைக்கு வந்ததும் ஏன் குட்டிச்சுவர் ஆனது என்று விளக்கம் சொல்வது. பென் டிரைவை நீட்டும்போது எல்லாரும் சொல்வது ஒன்றுதான். "ஒண்ணும் செய்ய வேணாம்ணா, அப்படியே பிரிண்ட் குடுத்தா போதும்." அப்படியே கொடுத்தால்தான் வம்பு.

வியாசர்பாடிப் பக்கமிருந்து ஒரு ஐடிஐ ஆசிரியர் வருவார். எலக்ட்ரீஷியன் பிரிவு மாணவர்களுக்கு வினாத்தாள் அவரே தட்டி எடுத்து வருவார். ஒருமுறை, "தமிழ் ஒரு ஃபான்ட், எண் ஒரு ஃபான்ட்டா இருக்கு, எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கிடுங்க தம்பி" என்றார். நானும் மொத்தத்தையும் தேர்வு செய்து ஃபான்ட்டை மாற்றி நாற்பது பிரதி எடுத்துவிட்டேன். மேல் தாளைக் கையில் வாங்கியவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்: "ரெசிஸ்டன்ஸை வாட்ல கேட்டு வச்சிருக்கோமே, எந்தப் பையன் இதுக்குப் பதில் எழுதுவான்?"

அவர் திரையில் பார்த்தது 10 Ω, அதாவது ரெசிஸ்டன்ஸை அளக்கும் ஓம். காகிதத்தில் வந்தது பத்தை அடுத்து ஆங்கில டபிள்யூ, அது மின்திறனை அளக்கும் வாட்டின் குறி. ஓம் இருந்த இடமெல்லாம் வாட் ஆகியிருந்தது. தப்பு என்னுடையதும்தான், பார்க்காமல் அடித்தேன். ஆனால் வேர் வேறு இடத்தில் இருந்தது. சிம்பல் என்று ஒரு ஃபான்ட் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்து டபிள்யூ விசையை அழுத்தினால் Ω வடிவம் வரும். கண்ணுக்குத்தான் அது ஓம். ஃபைலுக்குள் இருப்பது டபிள்யூவேதான், வேஷம் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஃபான்ட்டை மாற்றியதும் வேஷம் கலைந்தது. அதே ஃபான்ட்டில் சின்ன எம் எழுத்தைத் தட்டினால் μ வரும். ஃபான்ட் மாறினால் மைக்ரோ மறுபடி எம் ஆகிவிடும், அதாவது மில்லி. ஒரேயடியாக ஆயிரம் மடங்கு. வினாத்தாளில் போனால் மதிப்பெண்ணோடு போகும், மருந்து அளவில் போனால் யோசித்துப் பாருங்கள். கையெழுத்தில் μ-வும் எம்மும் குழம்புவதால் மருத்துவத் துறையிலேயே இந்தக் குறியைத் தவிர்த்து மைக்ரோகிராமை எம்.சி.ஜி. என்று எழுதச் சொல்கிறார்கள். நீங்களும் அப்படியே தட்டுங்கள்.

விங்டிங்ஸ் ஃபான்ட்டிலும் இதே கூத்து. டிக் குறி வேண்டுமென்று அதிலிருந்து எடுத்துப் போடுவார்கள். அதை வாட்ஸ்அப்பிலோ வேறு ஃபைலிலோ ஒட்டினால் டிக் இருந்த இடத்தில் தலையில் இரண்டு புள்ளி வைத்த யூ எழுத்து வரும், இல்லையென்றால் வெறும் கட்டம். மின்னஞ்சல் முடிவில் சம்பந்தமே இல்லாமல் ஒரு ஜே எழுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அனுப்பியவர் சிரித்திருக்கிறார் என்று அர்த்தம். முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் சேர்த்துத் தட்டியதை வேர்ட் தானாகவே விங்டிங்ஸ் சிரிப்பு முகமாக மாற்றும், விங்டிங்ஸில் அந்த முகம் உட்கார்ந்திருக்கும் இடம் ஜே.

சரி, எப்படிப் போடுவது? இன்செர்ட், சிம்பல் என்று போனால் வரும் பெட்டியில் ஃபான்ட் என்ற இடத்தில் 'நார்மல் டெக்ஸ்ட்' என்று இருக்கட்டும். அங்கே இருக்கும் Ω உண்மையான Ω. எல்லா மொழி எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொது அட்டவணையான யூனிகோடில் அதற்கென்று தனி எண் உண்டு. அடிக்கடி வேண்டுமென்றால் எண்ணையே தட்டலாம்: 2126 என்று அடித்து, உடனே ஆல்ட்டை அழுத்தியபடி எக்ஸ். எண் மறைந்து Ω நிற்கும். டிக் குறிக்கு 2713. லிப்ரே ஆஃபீஸிலும் இதே வழிதான்.

இதிலும் இரண்டு பள்ளம் இருக்கிறது. பத்து ஓம் என்று போட 10-ஐ அடித்து ஒட்டினாற்போல் 2126 அடித்தால், வேர்ட் முன்னால் இருக்கும் பத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டு வேறெதையோ துப்பும். கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் தேர்வு செய்துவிட்டு ஆல்ட் எக்ஸ் அழுத்த வேண்டும். இரண்டாவது, தமிழ் விசைப்பலகை ஓடிக்கொண்டிருக்கும்போது எழுத்து கலந்த எண்ணை அடிப்பது. ரூபாய்க் குறியின் எண் 20பி9, நடுவில் இருப்பது ஆங்கில பி. தமிழ்99 போட்டிருந்தால் அந்த விசையில் ங உட்கார்ந்திருக்கிறது. "20ங9" என்று வந்து நிற்கும், நீங்கள் ஆல்ட் எக்ஸை எத்தனை முறை அழுத்தினாலும் அது பாட்டுக்கு நிற்கும்.

ரூபாய்க் குறி என்றதும் எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடை விலைப்பட்டியல்கள்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன. உதயகுமார் வடிவமைத்த ₹ குறியை 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே யூனிகோடிலும் இடம் கிடைத்தது. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர் வரை அது வந்து சேர நாளானது. அந்த இடைவெளியில் ஒரு இலவச ஃபான்ட் ஊரெல்லாம் பரவியது. டேப் விசைக்கு மேலே சாய்ந்த சின்னக் கோடு ஒன்று இருக்குமே, அதைத் தட்டினால் ரூபாய்க் குறி தெரியும். அப்போது எல்லாருக்கும் பெரிய அதிசயம். அன்று போட்ட ஃபைலை ஆண்டுக்கு ஆண்டு 'சேவ் ஆஸ்' செய்து இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஃபான்ட் இல்லாத இடத்தில் திறந்தால் ` 450, ` 1,200 என்று வரிசையாக நிற்கும். ஒரு வாடிக்கையாளர் அதை ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடித் தூசு என்று நினைத்துத் துடைக்கச் சொன்னார். இதற்கு வைத்தியம் எளிது: ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் ` குறியை மொத்தமாக ₹ ஆக்கிவிட்டு அந்தப் பகுதியைச் சாதாரண ஃபான்ட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இனிமேல் தட்டுவதற்கு, விண்டோஸில் 'இங்கிலீஷ் இந்தியா' விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால் வலப்பக்க ஆல்ட்டும் 4-ம் போதும்.

₨ என்று இன்னொரு குறி இருக்கிறது, அது பழைய பொதுக்குறி, நம் ₹ அல்ல. ௹ என்பது தமிழ்க் கணக்குப் புத்தக ரூபாய். என்னைக் கேட்டால், தமிழில் போடும் ரசீதுக்கு 'ரூ.' என்ற எழுத்தே போதும். எந்த போனிலும் எந்த பிரிண்டரிலும் கட்டமாக மாறாது.

கட்டை விரலால் ஆல்ட்டை அழுத்தி எண் தட்டும் பழைய வழி தெரிந்தவர்கள் ஒரு பூஜ்யத்தில் கோட்டை விடுகிறார்கள். ஆல்ட்டோடு 0176 என்றால் டிகிரிக் குறி °. முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விட்டு 176 மட்டும் தட்டினால் புள்ளி புள்ளியாக ஒரு சாம்பல் கட்டம் ░ வரும். இரண்டும் வேறு வேறு அட்டவணை. வலப்பக்க எண் பலகையில்தான் தட்ட வேண்டும், நம்லாக் எரிய வேண்டும். சின்ன லேப்டாப்பில் அந்தப் பலகையே கிடையாது, மேல் வரிசை எண்களைத் தட்டிவிட்டு மெஷின் ரிப்பேர் என்பார்கள். டிகிரிக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தைச் சின்னதாக்கி மேலே தூக்கி வைப்பவர்களும் உண்டு. இப்படித் தூக்கி வைக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே ஆபத்துதான்: காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் கீழே விழுந்துவிடும். பத்தின் அடுக்கு ஐந்து, நூற்று ஐந்து ஆகிவிடும். > குறிக்கு அடிக்கோடிட்டு 'பெரியது அல்லது சமம்' செய்வதும் இதே ரகம். ஒட்டும்போது கோடு போய்விடும், சமம் போய்விடும். 2265, ஆல்ட் எக்ஸ், ≥ வந்துவிடும். பேனர் அளவுக்கு நடுவில் எக்ஸ் எழுத்தைப் போடுவதை மட்டும் நான் கண்டுகொள்வதில்லை, அதை யாரும் தப்பாகப் படிக்கப் போவதில்லை.

டியூஷன் சென்டர்காரர்களுக்கு ஒன்று. நான்கு விடைகளில் மூன்றாவதற்கு அடைப்புக்குள் சி என்று தட்டியதும் அது © ஆகிவிடும். கேள்விக்குக் கேள்வி காப்புரிமை வாங்கிய வினாத்தாளை நான் வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். மாறிய அந்த நொடியே கன்ட்ரோல் இசட் அழுத்தினால் பழையபடி வந்துவிடும். தொல்லையே வேண்டாமென்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய்ப் பட்டியலில் அந்த ஒரு வரியை நீக்கிவிடுங்கள். தமிழ் வழிக் கணக்கில் 'எனவே' என்பதற்கு ∴ போட வேண்டிய இடத்தில் ஃ போடுகிறார்களே, அது தப்புதான், ஆனால் பிரிண்டில் ஒரு குழப்பமும் இல்லை. 2234 என்று தெரிந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் போகட்டும்.

ஆனால் தமிழ் எழுத்திலேயே நடக்கும் வேஷம் ஒன்றை நான் விடுவதில்லை. கல்யாணப் பத்திரிகைக்குப் பெண் பெயர் கௌரி என்று அனுப்பியிருப்பார்கள். பார்த்தால் சரியாகவே இருக்கும். முதல் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரு பேக்ஸ்பேஸ் தட்டிப் பாருங்கள். 'க' மட்டும் மிஞ்சினால் சரியான கௌ. 'கெ' மிஞ்சினால் அவர் தட்டியது கெ, அடுத்து ள. அதாவது கெளரி. ஔவையார் பாதி ஃபைல்களில் ஒ, ள, வை என்றுதான் உட்கார்ந்திருக்கிறார். அச்சில் கண்டுபிடிக்க முடியாது. பெயர்ப்பட்டியலில் ஒருவர் பெயரைத் தேடும்போதுதான் தெரியும்: பட்டியலில் கண் முன்னால் இருக்கிறார், கம்ப்யூட்டர் இல்லை என்கிறது. படித்துக் காட்டும் செயலியை ஓட்டினால் ளகரத்தைத் தனியாக உச்சரிக்கும்.

தமிழ் எண்களுக்கும் இதே கதி. ௧, ௨, ௭, ௮ எல்லாம் க, உ, எ, அ மாதிரியே இருப்பதால் எழுத்தையே தட்டி எண் ஆக்கிவிடுகிறார்கள். தலைகீழாகவும் நடக்கும். பத்திரிகையின் தலையில் பிள்ளையார் சுழிக்கு இன்செர்ட் பெட்டியில் தேடி ௨ என்ற இரண்டை எடுத்து வைத்திருப்பார்கள். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார், ஆனால் விசைப்பலகையிலேயே உ இருக்கும்போது ஏன் இந்தச் சுற்று? ௵, ௴, ௳ என்று வருடம், மாதம், நாளுக்கு இருக்கும் பழைய குறிகளை ஆசைப்பட்டுப் போடுகிறவர்கள், தாங்கள் எடுத்த ஃபான்ட்டில் அவை உண்டா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். அழகழகான பத்திரிகை ஃபான்ட்கள் பலவற்றில் கிடையாது.

ஆங்கில எழுத்துக்கே தமிழ் வேஷம் கட்டும் பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் தட்டிய ஃபைல் என்றால் தனிக் கவனம் வேண்டும். அதில் அரைப்புள்ளி விசையில்தான் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றும்போது நிஜமாகவே அரைப்புள்ளியாக இருந்ததும், நடுவில் இருந்த ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து தமிழாகிச் சிதையும். மாற்றிய பிறகு குறிகளை மட்டும் ஒருமுறை வரி வரியாகப் பார்த்தே ஆக வேண்டும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்னும் பாமினியில் புது ஃபைல் தொடங்குகிறவர்களிடம் நான் சண்டை போடுவதை விட்டுவிட்டேன்.

காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றுமதிக்காரர் ஒருவர் குளிர்பதன அறைக் கதவுக்கு அறிவிப்பு அடிக்க வந்தார். "அறையின் வெப்பநிலை −18 டிகிரிக்கு மேல் போகக் கூடாது" என்பது வாசகம். எழுத்தைப் பெரிதாக்கியதும் வரி மடங்கியது. மைனஸுக்கு அவர் தட்டியது சாதாரண ஹைஃபன், அது வரிக் கடைசியில் நின்றுகொண்டது, அடுத்த வரி 18 டிகிரி என்று தொடங்கியது. லேமினேஷன் ஆகியிருந்தால் மீனின் கதி என்ன? வார்த்தையை இணைக்கும் கோடு என்று நினைத்து வேர்ட் அங்கே மடக்கிவிடும். உண்மையான மைனஸுக்கு 2212, ஆல்ட் எக்ஸ். ஹைஃபனே போதும் என்றால் கன்ட்ரோல் ஷிஃப்டோடு ஹைஃபன் தட்டினால் வரி அந்த இடத்தில் மடங்காது. 'ரூ.' ஒரு வரியிலும் தொகை அடுத்த வரியிலும் போவதைத் தடுக்க, நடுவில் ஸ்பேஸுக்குப் பதில் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஸ்பேஸ். இரண்டும் ஒரு வாரம் தட்டினால் கைக்குப் பழகிவிடும்.

கடைக்குக் கிளம்புமுன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. எழுதியதை மொத்தமாகக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஃபான்ட் வேஷமெல்லாம் அங்கே கலைந்துவிடும். Ω அங்கேயும் Ω-வாகவே நின்றால் பயமில்லை. அப்புறம் பிடிஎஃப் ஆக்கி எடுத்து வாருங்கள். ஃபான்ட்டும் அதற்குள்ளேயே சேர்ந்து வருவதால் எங்கள் கம்ப்யூட்டரில் அது இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஐடிஐ ஆசிரியர் இப்போது பிடிஎஃப்தான் அனுப்புகிறார். அனுப்பிவிட்டு போனும் செய்வார்: "தம்பி, ஓம் ஓமாவே இருக்கா?"