பின்னணி வேலைக்கு எந்த புரோக்கர்: ரெடிஸா, ராபிட்எம்க்யூவா?

மன்னார்குடிப் பக்கம் புரோக்கர் என்றால் விவசாயிக்கும் நெல் வியாபாரிக்கும் நடுவில் நிற்பவர். மென்பொருளிலும் அதே வேலைதான்; ரெடிஸ், ராபிட்எம்க்யூ இரண்டையும் அப்படிப் பயன்படுத்தலாம். இணையதளம் கொடுக்கும் டாஸ்க்கை (பின்னணியில் செய்ய வேண்டிய வேலையை) வாங்கி, வரிசையில் வைத்து, அதைச் செய்து முடிக்கும் வொர்க்கர் புரோகிராமிடம் ஒப்படைக்கும். கமிஷன் மட்டும் கிடையாது.

அறுவடை மிஷின் முன்பதிவுக்காக பைத்தானிலும், அதில் பின்னணி வேலைகளைக் கவனிக்கும் செலரியிலும் ஒரு சின்னத் தளம் எழுதினேன். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு தாளை எடுத்து, உங்கள் பின்னணி வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்வி: தொலைந்தால் என்ன ஆகும், இரண்டு தடவை நடந்தால் என்ன ஆகும்? படத்தைச் சிறிதாக்கும் வேலை தொலைந்தால் மறுபடி செய்துகொள்ளலாம். முன்பணம் கட்டியவருக்குப் போகும் ரசீது அப்படியில்லை.

சரி, ரெடிஸில் தொடங்குங்கள். நிறுவுவது சுலபம். ஆனால் அது தரவை மெமரியில் வைத்துக்கொண்டு, அவ்வப்போதுதான் டிஸ்க்கில் நகல் எடுக்கும். எங்கள் சர்வர் அலுவலக மூலையில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர். ஐப்பசி மழையில் கரண்ட் போனால், கடைசி நகலுக்குப் பின் வந்ததெல்லாம் போச்சு. அதனால் ஒவ்வொரு மாற்றத்தையும் டிஸ்க்கில் பதியும் ஏஓஎஃப் வசதியை இயக்கி, நொடிக்கொரு முறை எழுத வையுங்கள். கேஷுக்கு (வேகத்துக்காகத் தற்காலிகமாகச் சேமிக்கும் தரவுக்கு) வேறு ரெடிஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நான் மாட்டிக்கொண்ட இடம். காலை 5 மணிக்குப் போக வேண்டிய குறுஞ்செய்திகளை முந்தின மாலையே நேரம் குறித்து வரிசையில் போட்டேன். விடிந்ததும் ஒரு பெரியவர் போன் செய்தார்: "ஏன் தம்பி, மூணு மா நிலத்துக்கு எட்டு மிஷினா வருது?" ஒரே குறுஞ்செய்தி அவருக்கு எட்டு தடவை போயிருந்தது.

ரெடிஸோடு ஓடும்போது, வாங்கிய டாஸ்க்குக்கு 1 மணி நேரத்துக்குள் வொர்க்கரிடமிருந்து ஒப்புதல் ("இதை வரிசையிலிருந்து எடுத்துவிடலாம்" என்ற சேதி) வராவிட்டால் செலரி அதை மறுபடி வரிசையில் விடும். நேரம் குறித்த டாஸ்க்கோ, அந்த நேரம் வரை ஒப்புதல் இல்லாமல்தான் காத்திருக்கும். ஆவணத்தில் தெளிவாகவே இருக்கிறது; நான்தான் படிக்கவில்லை.

ராபிட்எம்க்யூவுக்கு மாறினால் தீருமா? தீராது. அங்கும் ஒப்புதலுக்கு வழக்கமாக 30 நிமிடம்தான் கெடு. நீண்ட தாமதம் என்றால் டேட்டாபேஸில் எழுதி வைத்துவிட்டு, செலரியில் நேரம் பார்த்து வேலையைத் தொடங்கிவிடும் செலரி பீட்டை 5 நிமிடத்துக்கொரு முறை பார்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

ரசீது மாதிரி தொலையவே கூடாதவை பெருகும்போது ராபிட்எம்க்யூ வாங்கிக்கொள்ளட்டும். வொர்க்கரின் இணைப்பு அறுந்தால், ஒப்புதல் வராத டாஸ்க்கை அது உடனே வரிசைக்குத் திருப்பிவிடும். ஆனால் செலரி வழக்கமாக வேலை தொடங்கும் முன்பே ஒப்புதல் கொடுத்துவிடும். முடிந்த பின் கொடுக்கும்படி மாற்ற மறக்காதீர்கள்.

எதைத் தேர்ந்தாலும் வொர்க்கரை நிறுத்திவிட்டு பத்து டாஸ்க் போடுங்கள். அப்புறம் கம்ப்யூட்டரின் ப்ளக்கைப் பிடுங்கி, மீண்டும் போட்டு, எத்தனை மிச்சம் என்று எண்ணுங்கள்.