பரணில் கிடக்கும் லேப்டாப்பைத் தேற்றி ஊருக்குக் கொடுக்கலாம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதிலிருந்து தெரிந்த ஆபீஸ்களில் லேசாகக் கேட்டு வைத்தாலே நாலைந்து பழைய மெஷின் வந்துவிடுகிறது. விண்டோஸ் 11 ஏறாது என்பதைத் தவிர அவற்றில் பலவற்றுக்கு ஒரு குறையும் இருக்காது. அதற்காக வருவதையெல்லாம் வாங்கிக் குவிக்காதீர்கள்.

முதலில் லேப்டாப்பை மேசையில் வையுங்கள். ஆடினாலோ டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அதற்குச் சார்ஜ் போட வேண்டாம், நெம்பவும் வேண்டாம், பேட்டரி மாற்றத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆன் செய்தால் திரை கருப்பாகவே இருக்கிறதா? உடனே காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு, ரேமை (தற்காலிக நினைவகப் பட்டையை) உருவி அதன் தங்க நிற முனையைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூள் போகத் துடைத்து, கிளிக் என்று உட்காரும்வரை அழுத்துங்கள். ‘போர்டு போச்சு’ என்று சொல்லி என்னிடம் தள்ளிவிட்ட ஒன்று இப்படித்தான் பிழைத்தது.

மெஷின் ஓடுகிறது என்றால் அடுத்த வேலை, உரிமையாளரின் தகவல்களை அழிப்பது. டெலிட் செய்வதும் குவிக் ஃபார்மட்டும் போதாது, அதற்கென்றே இருக்கும் மென்பொருள்களால் திரும்ப எடுத்துவிடலாம். ஹார்ட் டிஸ்க் என்றால் டிஸ்க்கை அழிக்கும் ‘என்வைப்’ (nwipe) போன்ற இலவசக் கருவியைப் பென் டிரைவில் ஏற்றி முழு டிஸ்க்கையும் ஒருமுறை மேலெழுதுங்கள். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம், மணிக்கணக்கில் ஓடும்.

கையில் இருக்கும் காசை எஸ்எஸ்டியில், அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகத்தில், போடுங்கள். 2.5 இஞ்ச் சாட்டா வகை, பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும், வேகத்தில் கண்கூடான வித்தியாசம் தெரியும். ரேம் 4 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் கூட்டுங்கள். டிடிஆர்3 வகை ரேமுக்கான இடத்தில் டிடிஆர்4 வகை நுழையாது, அதனால் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் பழைய ரேமைக் கையோடு கொண்டு போங்கள்.

அப்புறம் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம், அதிலும் பழைய மெஷினுக்குப் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ (Xfce) பதிப்பு. நிறுவும் முன்பே பென் டிரைவிலிருந்து ஓட்டி வைஃபை, ஒலி, கேமரா மூன்றையும் பார்த்துவிடுங்கள். தமிழ்99 விசைப்பலகையை மறக்காமல் சேருங்கள், பிள்ளைகள் தட்டச்சுப் பழக உதவும்.

கொடுக்கும் இடத்தில் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும், நூலகரோ ட்யூஷன் எடுக்கும் அக்காவோ யாரானாலும் சரி. அவர் இல்லாத இடத்தில் பத்து மெஷின் இறக்கினால் ஆறே மாதத்தில் பத்தும் மறுபடி பரணுக்குத்தான் போகும். அரை நாள் கூடவே உட்கார்ந்து, அவர் கையாலேயே நிறுத்தி ஆன் செய்ய வையுங்கள்.

தேறாதவற்றில் திரை, ரேம், சார்ஜர் ஆகியவற்றைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள். தெருவோரம் ஒயரை எரித்துச் செம்பு எடுப்பவரிடம் போய்விடக் கூடாது. கடைசியாக, எந்தச் சார்ஜர் எந்த மெஷினுக்கு என்று இரண்டிலும் மார்க்கரால் ஒரே எண்ணை எழுதுங்கள். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், வோல்ட் மாறினால் இத்தனை பாடும் வீண்.