கல்யாணக் கதை நினைவிருக்கிறது, காலையில் சாப்பிட்டது மறந்துவிடுமா?

“அம்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்த கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்கன்னு வரிசையா சொல்றாங்க. இப்ப சாப்பிட்டது மட்டும் மறந்துடுமா? எல்லாம் நடிப்பு.” மறதிநோய் வந்த பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். என் பெரியம்மாவைப் பற்றி நானே இப்படிச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு வலிக்கிறது.

அது நடிப்பில்லை. காதுக்கு நேரே உள்ளே, மூளையின் அடிப்பக்கத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஹிப்போகேம்பஸ்கள் இருக்கின்றன. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் கடல்குதிரை என்று பொருள், வடிவமும் அப்படித்தான். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். அல்சைமர் நோய் முதலில் கைவைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

இதை நினைவுகளைப் பூட்டி வைக்கும் பீரோவாக நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. கணக்கு எழுதும் குமாஸ்தா என்று நினைத்தால் சரியாக இருக்கும். இன்று நடந்ததைப் பதிவது அவர் வேலை. நாள்பட்டு ஊறிப்போன பழைய கணக்குப் புத்தகங்கள் பெரும்பாலும் மூளையின் மேற்புறணியில் பரவிக் கிடக்கின்றன. குமாஸ்தா படுத்துவிட்டால் பழைய புத்தகம் அப்படியே இருக்கும், இன்றைய பக்கம்தான் வெற்றாகக் கிடக்கும். பெரியம்மா சாப்பிட்டதை மறக்கவில்லை. அது பதிவாகவே இல்லை.

இதை உலகுக்குக் காட்டியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலைசன். கடும் வலிப்புநோய்க்காக 1953இல், அவருடைய 27ஆவது வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் இரண்டு பக்க ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியையும் அதை ஒட்டிய திசுக்களையும் எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. அறிவுக்கூர்மை குறையவில்லை, சிறுவயது நினைவுகளும் தங்கின. ஆனால் 2008இல் இறக்கும்வரை, புதிதாகச் சந்தித்தவர்களை அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. பல ஆண்டுகள் அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னார். மூன்று நாளில் மொலைசனின் கை தேர்ந்துவிட்டது. அவரோ ஒவ்வொரு நாளும் இதை முதல்முறை செய்வதாகவே நினைத்தார்.

கைப்பழக்கத்துக்குக் குமாஸ்தா தேவையில்லை, அதற்கு மூளையில் வேறு பாதைகள் உண்டு. அதனால் மறதி வந்துவிட்டது என்று பெரியவர்கள் கையிலிருந்து எல்லா வேலையையும் பிடுங்கிவிடாதீர்கள். அடுப்பைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் பூக்கட்டுவது, கோலம் போடுவது, துணி மடிப்பது எல்லாம் ரொம்ப நாள் கையோடு நிற்கும். பெரியம்மாவுக்கு என் பெயர் வராமல் போன பிறகும் மல்லிகைச் சரம் முடிச்சு பிசகாமல் வந்தது.

அப்புறம், மாசத்துக்கு ஒரு பிள்ளை வீடு என்று முறை வைப்பது. நம் குடும்பங்களில் இது நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதுதான். ஆனால் ஹிப்போகேம்பஸுக்கு இடம் அறியும் வேலையும் உண்டு. எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் அதன் ஹிப்போகேம்பஸில் துடிக்கும் நரம்பணுக்களை ஜான் ஓகீஃப் என்ற விஞ்ஞானி 1971இல் லண்டனில் கண்டுசொன்னார். 2014ஆம் ஆண்டு நோபல் பரிசை, பக்கத்துப் பகுதியில் இன்னொரு வகை அணுக்களைக் கண்ட மோசர் தம்பதியோடு பகிர்ந்துகொண்டார். மனசுக்குள் புது வரைபடம் போட முடியாதவரைப் புது வீட்டில் கொண்டுபோய் விட்டால், ராத்திரி எழுந்து கழிவறை தேடி அல்லாடுவார். முடிந்தவரை ஒரே வீடு, கட்டிலும் அதே இடத்தில். பிள்ளைகள் முறை போட்டுக்கொண்டு அங்கே வந்து இருக்கட்டும். நெடுநாள் பழகிய தெருவில் ஒருவர் வழி தவறினால், கவனக்குறைவு என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எந்த மறதியையும் “வயசாயிடுச்சு” என்று ஒதுக்குவதும், உடனே அல்சைமர் என்று முடிவுகட்டுவதும் தவறு. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உண்டு. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால் அது மெல்ல வளரும் அல்சைமரின் போக்கு இல்லை. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், உடம்பில் உப்பு குறைந்திருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், பக்கவாதமாகவோ விழுந்த அடியில் தலைக்குள் ரத்தம் கசிந்ததாகவோ கூட இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

என்னை இன்னும் உறுத்துவது வேறொரு தவறு. “என்ன சொன்னாலும் அஞ்சு நிமிஷத்துல மறந்துடுவாங்க, அதனால பரவாயில்லை” என்று நினைத்தேன். 1911இல் ஜெனீவாவில் எடுவார் க்ளாபரேட் என்ற மருத்துவர், நினைவிழந்த ஒரு பெண்ணிடம், உள்ளங்கையில் ஊசியை மறைத்துக்கொண்டு கைகுலுக்கினார். அடுத்தமுறை அந்தப் பெண் கைகொடுக்க மறுத்தார். முன்பு ஊசி குத்தியது அவருக்கு நினைவில்லை. பயத்தைப் பதிவதில் ஹிப்போகேம்பஸுக்கு முன்னால் ஒட்டியிருக்கும் அமிக்டலாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2010இல் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹிப்போகேம்பஸ் பழுதானவர்களுக்குச் சோகக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். காட்சிகள் மறந்துபோயின, சோகம் தங்கியது. 2014இல் அல்சைமர் நோயாளிகளிடமும் அதையே கண்டார்கள். திட்டியது மறந்துபோகும், நெஞ்சில் பாரம் இருக்கும். காரணம் தெரியாத பாரம் என்பதால் அதை யாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ளவும் முடியாது.

“நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்” என்று வருகிறவர்கள் எல்லாம் பரீட்சை வைப்பதும் இதே வகைதான். விடை தெரியாமல் விழிக்கும் அந்தக் கூச்சம் மிஞ்சும். “பெரியம்மா, நான் சின்னவன் வந்திருக்கேன்” என்று பெயரையும் உறவையும் நாமே சொல்லிவிட்டால் போதும்.

பெரியம்மா தன் தம்பியைக் கேட்பார். “மாமா போய் ஒரு வருஷம் ஆச்சே, மறந்துட்டீங்களா?” என்று நான் திருத்துவேன். அப்போதுதான் கேட்பவர்போல அழுவார். ஒரு மணி நேரத்தில் மறுபடி கேட்பார், மறுபடி அழுவார். இதை நான் நிறுத்துவதற்குச் சில மாதங்கள் ஆகின. அதன் பிறகு அவர் கேட்டால், “மாமா சின்ன வயசுல எப்படி இருப்பார் பெரியம்மா?” என்று கேட்க ஆரம்பித்தேன். கிணற்றில் குதித்து நீச்சல் பழகிய கதையை முழுசாகச் சொல்வார். பழைய புத்தகத்தில் அந்தப் பக்கம் பத்திரமாக இருந்தது.