பழைய காரை ‘உள்ளது உள்ளபடி’ விற்பவர் எழுதி வைக்க வேண்டியவை

சேலத்தில் பழைய கார்களை வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைகளின் ரசீதுகளில், “வண்டி உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது, பின்னர் எந்தப் புகாரும் ஏற்கப்படாது” என்ற வரி அடிக்கடி இடம்பெறுகிறது. அந்த ஒரு வரி தம்மைக் காப்பாற்றிவிடும் என்று விற்பவர்கள் நம்புவது ஆபத்தானது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 62ஆவது பிரிவின்படி, எழுதாவிட்டாலும் விற்பனையில் தாமாக அடங்கும் உறுதிகளை இருவரும் ஒப்புக்கொண்டு விலக்கிக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் தெரிந்த குறையை மறைத்து விற்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி மோசடியாகும். பொருளின் தரம், நிலை, முந்தைய பயன்பாடு ஆகியவற்றைப் பற்றிப் பொய் சொல்வது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கையாகும். ஆகவே வண்டியில் என்ன உள்ளது என்பதை வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவித்த அளவுக்கே ‘உள்ளது உள்ளபடி’ என்பது விற்பவருக்குத் துணை நிற்கும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிடி கார் விற்பனையைத் தொழிலாகச் செய்பவர்மீதே இறுகும். தன் வீட்டுக் காரை ஒருமுறை விற்பவரைப் பொதுவாக வணிகராகக் கொள்வதில்லை என்றாலும், மோசடி பற்றிய சட்டம் அவரையும் விடாது. வாங்குபவர் மறுவிற்பனைக்காக வாங்கும் இன்னொரு வியாபாரியாக இருந்தால் அவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சேலம் ஜங்ஷனிலிருந்து ஏற்காட்டுக்குத் தானே வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பதற்காக ஒருவர் வண்டி வாங்கினால், சுயதொழில் என்பதால் அவர் நுகர்வோரே. டாக்ஸிக்கு வாங்கினார் என்று சொல்லித் தப்பிவிட முடியாது.

விற்பதற்கு முன் நிலை அறிக்கை ஒன்றைத் தயாரிப்பதே முதல் வேலை. “என்ஜின் நல்ல கண்டிஷன்” என்று எழுதுவதைவிட, “காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெண்புகை வருகிறது, காரணம் பார்க்கப்படவில்லை” என்று எழுதுவது விற்பவருக்கே நல்லது. முதல் வாக்கியம் பிற்பாடு அவருக்கு எதிரான சாட்சியாகும். இரண்டாவது அவருக்கான சாட்சியாகும். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை எழுதும்போது, அதை சர்வீஸ் பதிவுகளோடு ஒப்பிட்டீர்களா, மீட்டர் மாற்றப்பட்டது உங்களுக்குத் தெரியுமா என்பதையும் சேர்த்தெழுத வேண்டும். விபத்தில் அடிபட்டு டிங்கரிங் செய்த பகுதிகள், வெள்ளத்தில் நின்ற வரலாறு, காப்பீட்டில் கோரிய தொகைகள், டி-போர்டிலிருந்து (வாடகை வண்டி) ஓன் போர்டுக்கு (சொந்த வண்டி) மாற்றிய விவரம், உண்மையான ஓனர் எண்ணிக்கை ஆகிய எதையும் விடக்கூடாது. ஏற்காட்டு எஸ்டேட்டில் ஓடிய வண்டி என்றால் அதையும் எழுதுங்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் ஏறி இறங்கிய காரில் கிளட்ச் பிளேட்டும் பிரேக்கும் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று இந்த ஊரில் எவரும் கணக்கிட்டுக்கொள்வார்கள். சொல்லாமல் விட்டால்தான் வழக்காகும். அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் வாங்குபவரின் கையெழுத்தும் தேதியும் இருக்கட்டும். இது சாதாரணத் தாளிலேயே போதும். ஸ்டாம்ப் பேப்பரில் அடித்துவிட்டால் பொய்யும் செல்லும் என்ற எண்ணத்துக்குச் சட்டத்தில் ஆதாரமில்லை.

அடுத்து, வாங்குபவர் தன் மெக்கானிக்கை அழைத்துவந்து பார்க்கட்டும். வாங்குபவர் பொருளைச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்குத் தரம் பற்றிய உறுதி பொருந்தாது என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு கூறுகிறது. ஆகவே ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் சில வளைவுகள்வரை ஓட்டிப் பார்க்க அனுமதிப்பதில் விற்பவருக்கு நஷ்டமில்லை. சோதித்த நாளையும் சோதித்தவர் சொன்னதையும் அறிக்கையிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

ரசீது கொடுக்காமல் விற்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறும் காலம் ரசீதில் குறிப்பிடப்படாவிட்டால், 30 நாட்களுக்குள் அதைத் திரும்பப் பெற மறுப்பதையும் சட்டம் அவ்வாறே கருதுகிறது.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவதுதான் நம் ஊரில் அதிகம் காணும் பழக்கம். அதிகச் சிக்கலைத் தருவதும் அதுவே. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்துவிடாது. மாநிலத்துக்குள் விற்கும்போது விற்றவர் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. வண்டியைக் கன்சல்டிங்கில் விடுபவர், அந்தக் கடை 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்து, படிவம் 29சி மூலம் ஒப்படைப்பைப் பதிவுசெய்ய வேண்டும். கடன் பாக்கி முடிந்திருந்தால், படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் உள்ள நிதி நிறுவனத்தின் பெயரை விற்பதற்கு முன்பே நீக்கிவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் புகார் வரலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகும். வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம் என்பதால், சேலத்தில் விற்ற காருக்காகத் திருநெல்வேலியில் பதில் சொல்ல நேரலாம். விலை 5 லட்சம் வரை என்றால் அவருக்குக் கட்டணமே இல்லை. நோட்டீஸ் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும். ஆணையம் மேலும் 15 நாட்கள் தரலாம், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. புகார் செய்வதற்கான காலவரம்பு 2 ஆண்டுகள் என்றாலும், தக்க காரணம் காட்டினால் தாமதம் மன்னிக்கப்படலாம். எனவே நிலை அறிக்கை, ரசீது நகல், தேதியும் நேரமும் குறித்த டெலிவரி கடிதம், விற்ற அன்று எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றை 3 ஆண்டுகளாவது ஒரே கோப்பில் வைத்திருங்கள்.