கலப்புத் தற்காப்புக் கலையின் தொடக்கம் பற்றி வாதிடுவது எப்படி?

எம்எம்ஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கலப்புத் தற்காப்புக் கலையைத் தொடங்கியவர் யார் என்ற பேச்சு எழுந்தால், ஒருவர் பண்டைய கிரேக்கத்தையும், இன்னொருவர் புரூஸ் லீயையும், மூன்றாமவர் பிரேசிலின் கிரேசி குடும்பத்தையும் இழுத்து வருவார்; இரவு முழுவதும் பேசினாலும் பேச்சு புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். இவர்களில் எவரும் பொய் சொல்வதில்லை. ஆளுக்கொரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு விடை சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே வாதத்தில் இறங்குமுன், 'தொடக்கம்' என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். அடியையும் பிடியையும் சேர்க்கலாம் என்ற எண்ணத்தையா, வெவ்வேறு கலைகளைப் பயின்றவர்கள் ஒரே களத்தில் மோதிய போட்டியையா, இரண்டையும் ஒருவரே கற்றுக்கொண்டு இறங்கும் தனி விளையாட்டையா, இன்று நடைமுறையில் உள்ள விதிகளையா? எதிரில் இருப்பவரும் இவற்றில் ஒன்றைத் தெரிவு செய்யும் வரை பெயர்களைச் சொல்லாதீர்கள். பாதிச் சண்டை இந்த இடத்திலேயே அடங்கிவிடும்.

அடுத்ததாக, ஒற்றுமை வேறு, வழித்தொடர்ச்சி வேறு என்பதில் உறுதியாக நில்லுங்கள். கி.மு. 648இல் ஒலிம்பிக் விளையாட்டில் சேர்க்கப்பட்ட பங்க்ராசியன் என்ற பண்டைய கிரேக்கச் சண்டைப் போட்டியில் குத்து, உதை, கழுத்து நெரிப்பு அனைத்தும் உண்டு. கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும் மட்டுமே தடை. 1993இல் அமெரிக்காவின் டென்வர் நகரில், இன்று எம்எம்ஏவின் பெரிய போட்டி அமைப்பாக உள்ள யூஎஃப்சி நடத்திய முதல் போட்டியிலும் அவ்விரண்டும் தடை செய்யப்பட்டிருந்ததால், இரண்டுக்கும் இரத்த உறவு இருப்பதாக நம்பிவிடுவது எளிது. ஆனால் இடையில் பல நூற்றாண்டுகளாகப் பங்க்ராசியனை ஆசிரியரிடமிருந்து மாணவர் கற்ற சங்கிலி எதுவும் இல்லை. நம் புறநானூற்றின் 80ஆம் பாடலில், போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனின் மார்பில் ஒரு காலை ஊன்றி, மறு காலைப் பின்புறமாக வளைத்துப் பிடிக்கும் காட்சியைப் படித்தால், இன்றைய மல்யுத்தப் பயிற்சியாளர் ஒருவர் அருகில் நின்று விளக்குவது போலவே தோன்றும். அதற்காக எம்எம்ஏ ஆமூரில் பிறந்தது என்று எவரும் சொல்வதில்லை. கிரேக்கத்துக்கும் அதே அளவுகோல்தான்.

சங்கிலியைக் கேட்டு நின்றால் பேச்சு விரைவில் பிரேசிலுக்கு வந்து சேரும். 1882இல் ஜிகோரோ கானோ தோக்கியோவில் நிறுவிய கோடோகான் பள்ளியில் ஜூடோ பயின்ற மிட்சுயோ மயேடா, நாடு நாடாகச் சென்று சவால் சண்டைகள் போட்டு, 1914இல் பிரேசிலை அடைந்தார். பெலேம் நகரில் அவருடைய கலை கார்லோஸ் கிரேசிக்கும், பின்னர் தம்பி ஹீலியோவுக்கும் சென்றது. மயேடாவிடம் கார்லோஸ் நேரடியாக எவ்வளவு கற்றார் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குடும்பம் சொல்லும் கதையை அப்படியே ஒப்புவிக்காமல் இருப்பது உங்கள் வாதத்துக்குப் பலம் சேர்க்கும்.

இந்தச் சங்கிலிக்கு ஒரு சான்றைக் கையில் வைத்திருங்கள். 1951 அக்டோபரில் ரியோவின் மரக்கானா அரங்கில், ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, ஹீலியோவின் மணிக்கட்டைப் பிடித்து, தன் மறு கையை அவருடைய மேற்கைக்கு மேலாகச் சுற்றித் தன் மணிக்கட்டையே பற்றிக்கொண்டு, தோளைப் பின்புறமாகத் திருகினார். எலும்பு முறிந்தும் ஹீலியோ தோல்வியை ஒப்புக்கொள்ளாததால், அவர் தரப்பினரே சண்டையை நிறுத்த வேண்டியதாயிற்று. மூட்டை அசையவிடாமல் திருகும் அந்தப் பூட்டைத் தோற்ற தரப்பினரே 'கிமுரா' என்று அழைக்கத் தொடங்கினர். இன்று எந்த ஊர் எம்எம்ஏ பயிற்சிக்கூடத்திலும் அதற்கு அதுதான் பெயர். என்னைக் கேட்டால், எழுத்து ஆவணத்தைவிட இத்தகைய சொற்கள் நம்பகமான சாட்சிகள், ஏனெனில் வாதத்தில் வெல்வதற்காக எவரும் அவற்றை உருவாக்கவில்லை.

பிரேசிலோடு நிறுத்திக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. 'டைகர் மாஸ்க்' என்ற முகமூடியுடன் தொழில்முறை மல்யுத்தத்தில் புகழ்பெற்ற சடோரு சயாமா, குத்து, உதை, எறிதல், பூட்டு அனைத்தையும் ஒரே பாடமாகக் கற்பிக்கும் ஷூட்டோவை 1985இல் தொடங்கினார். 1989இல் அதில் தொழில்முறைப் போட்டிகளும் வந்துவிட்டன. டென்வரில் சுமோக்காரரும் குத்துச்சண்டைக்காரரும் தத்தம் கலையின் மானத்தைக் காக்க மோதியபோது, ஜப்பானில் கலப்பையே தம் கலையாகப் பயின்றவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். தனி விளையாட்டு என்ற பொருளில் தொடக்கத்தைக் கேட்டால் என் விடை சயாமாதான். இந்தப் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் விழித்தால் வியப்படைய வேண்டாம்.

யூஎஃப்சி சூனியத்திலிருந்து பிறந்தது என்பவருக்கு அமெரிக்க வீரர் கென் ஷாம்ராக்கின் நாட்காட்டியைக் காட்டுங்கள். 1993 செப்டம்பர் 21இல் ஜப்பானின் பாங்க்ரேஸ் அமைப்பு நடத்திய முதல் நிகழ்ச்சியில் அதன் நிறுவனர்களில் ஒருவரான மசகட்சு ஃபுனாகியையே வென்ற அவர், 52 நாட்கள் கழித்து, நவம்பர் 12இல், டென்வரில் ஹீலியோவின் மகன் ராய்ஸ் கிரேசியிடம் தோற்றார். இருப்பினும் அந்த இரவின் பங்கைக் குறைத்துப் பேசுவதும் நேர்மையன்று. குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு கையில் மட்டும் உறை அணிந்து வந்தார். ராய்ஸ் அவரைக் கீழே தள்ளி மேலே ஏறி அமர்ந்ததும், கழுத்தில் பிடி விழுவதற்கு முன்பே தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். தரையில் என்ன செய்வது என்று தெரியாதவருக்குக் கைவலிமை உதவாது என்பதைத் தொலைக்காட்சி வழியே உலகுக்குக் காட்டியது அந்த ஒற்றை உறைதான்.

புரூஸ் லீயை விரைவாகவே கடந்துவிடலாம். 1967இல் அவர் பெயரிட்ட ஜீத் குன் டோ, எந்த ஒரு பாணிக்கும் அடிமையாகாதே என்றது; எண்ணத்தின் முன்னோடிகளில் அவருக்கு இடமுண்டு, ஆனால் அவர் இத்தகைய போட்டி எதையும் நடத்தவுமில்லை, அதில் இறங்கவுமில்லை. 1976இல் தோக்கியோவில் குத்துச்சண்டை வீரர் முகமது அலியும் ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோக்கியும் மோதியதைச் சொல்பவரிடம், 15 சுற்றுகளில் பெரும்பகுதி இனோக்கி தரையில் மல்லாந்து கிடந்து அலியின் கால்களை உதைத்ததையும், ஆட்டம் சமனில் முடிந்ததையும் நினைவூட்டினால் போதும்.

விதிகளைப் பற்றிய கேள்விக்கு விடை மல்லர்களிடம் இல்லை, அதிகாரிகளிடம் இருக்கிறது. 1996இல் அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்ன் எம்எம்ஏவை மனிதச் சேவல் சண்டை என்று சாடிய பிறகு பல மாநிலங்கள் கதவை அடைத்தன. எடைப் பிரிவு, கையுறை, ஐந்து நிமிடச் சுற்று, நீண்ட தடைப் பட்டியல் எல்லாம் சேர்ந்த ஒருங்கிணைந்த விதிகள், 2000, 2001ஆம் ஆண்டுகளில் நியூ ஜெர்சி மாநில விளையாட்டுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மேற்பார்வையில் உருப்பெற்றன.

கடைசியாக, உங்கள் அளவுகோல்களைச் சோதித்துப் பார்க்க ஒரு சிக்கலான வழக்கு. பென்சில்வேனியாவில் பில் வயோலா, ஃபிராங்க் கலிகுரி என்ற இருவர், யூஎஃப்சிக்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே, 1980இல், குத்தும் பிடியும் அனுமதிக்கப்பட்ட போட்டிகளை நடத்தினர். 1983இல் அம்மாநிலம் சட்டமியற்றி அவற்றைத் தடை செய்தது. காலத்தால் முந்தியவர்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் டென்வர் நிகழ்ச்சியைத் தொடங்கியவர்கள் இவர்களிடமிருந்து எதையும் பெற்றதாகத் தெரியவில்லை. முந்தியிருந்தால் போதும் என்பவர் இவர்களை ஏற்றே ஆக வேண்டும். பின்வந்தவருக்குக் கையளித்திருக்க வேண்டும் என்பவர் இவர்களை விட்டு மயேடாவைப் பிடிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ, அதே அளவுகோலைப் பங்க்ராசியனுக்கும் வைக்கிறாரா என்று கேளுங்கள்.