ஊருக்குக் கொண்டு போகும் வில்லுக்கத்தி

சில ஆண்டுகளுக்கு முன் இலங்கையிலுள்ள எங்கள் ஊருக்குப் போய் இறங்கிய அன்று மாலை, பயணப்பெட்டியைச் சுற்றி இறுக்கியிருந்த நெகிழிப் பட்டியை வெட்டுவதற்கு வீட்டில் ஒரு சின்னக் கத்தி அகப்படவில்லை. அண்ணி குசினியிலிருந்து தேங்காய் உடைக்கும் கத்தியை எடுத்து வந்தார். அதன் முனையைப் பட்டிக்கு அடியில் நுழைத்து இழுத்தபோது, பட்டியோடு சேர்ந்து பெட்டியின் துணியும் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. அடுத்த பயணத்தில் ஒரு வில்லுக்கத்தியைக் கொண்டு போனேன். அதன் பிறகு அது இல்லாமல் நான் ஊருக்குப் போனதில்லை.

எங்கள் ஊரில் மடக்குக் கத்தியை வில்லுக்கத்தி என்பார்கள். அலகின் முதுகுப் பக்கமாகக் கைப்பிடிக்குள் இருக்கும் தட்டையான வில்லே, அதாவது ஸ்பிரிங்கே, அலகை விரித்த நிலையிலும் மடித்த நிலையிலும் பிடித்து வைத்திருக்கிறது என்பதால், அந்தப் பெயர் மிகப் பொருத்தமானது. மடக்கிப் பையில் வைக்கும் அலகு எங்களுக்குப் புதியதுமன்று. ஏட்டில் எழுதியவர்கள் வைத்திருந்த மடக்கெழுத்தாணியில், ஒரு முனையில் எழுத்தாணியும் மறு முனையில் ஓலை வாரும் கத்தியும் ஒரே கைப்பிடிக்குள் மடங்கியிருந்தன.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அலகு பூட்டிக்கொள்கிறதா என்பதையே. விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தியும், ஒரு கைப் பெருவிரலால் தட்டி விரிக்கும் கத்தியும் கடைக்காரருக்கு விற்க எளியவை. பயணிக்கு அவை தொல்லை. பிரித்தானியாவில், தக்க காரணம் காட்டாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு (7.62 செ.மீ.) மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தி மட்டுமே, பூட்டுள்ள கத்தி எவ்வளவு சிறியதானாலும் அந்த விலக்கினுள் வராது. ஜேர்மனியில், ஒரு கையால் விரித்துப் பூட்டக்கூடிய கத்தியைத் தக்க தேவையின்றி உடன் கொண்டு திரிவது சட்டவிரோதம். 2024 அக்டோபரில் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, நெடுந்தூரத் தொடருந்துகளில் எந்தக் கத்தியையும் எளிதில் எடுக்கக்கூடிய விதமாக வைத்திருக்கக் கூடாது. விமான நிலையத்துக்குத் தொடருந்தில் போகிறவர்கள் கத்தியைப் பூட்டிய பெட்டியின் அடியில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் வாழும் சுவிஸில் இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் பலர் இராணுவச் சேவைக்குப் போய், 2008 மாதிரி எனப்படும் பச்சைப்பிடிக் கத்தியைப் பெற்று வருகிறார்கள். மடித்த நிலையில் 111 மி.மீ. நீளமும், ஒரு கையால் விரியும் பூட்டலகும் கொண்ட நல்ல கருவி அது. ஆனால் இராணுவப் பச்சை நிறத்தில், படைக்கு வழங்கப்பட்ட கத்தியொன்றை வடக்கிலோ கிழக்கிலோ ஒரு தமிழ் இளைஞன் பையில் வைத்திருப்பது வேண்டாத விளக்கங்களுக்கு இடம் கொடுக்கும். சோதனைச் சாவடிகளில் பையைத் தலைகீழாகக் கொட்டிக் காட்டி வளர்ந்த தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அந்தக் கத்தி சுவிஸ் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஊருக்கு ஏற்றது, சிவப்பு அல்லது வெள்ளிநிறக் கைப்பிடியுள்ள, பார்த்தவுடன் வீட்டுச் சாமான் என்று தெரிகிற கத்தி. கார்ல் எல்செனர் 1884 இல் சுவிஸின் இபாக் என்னும் சிற்றூரில் தொடங்கிய பட்டறையே இன்றைய விக்டோரினொக்ஸ். அவர்களின் 58 மி.மீ. கிளாசிக் வகை, சாவிக் கொத்தில் தொங்குமளவுக்குச் சிறியது; கத்தரிக்கோல், அரம், முள்வாங்கி எல்லாம் அதில் உண்டு. பார்சல் பிரிக்கவும், நூல் வெட்டவும், காலில் தைத்த முள்ளை எடுக்கவும் அது போதும். ஆனால் மாம்பழத்துக்கு அதன் அலகு போதாது. பழமும் சீவ வேண்டுமென்றால் 84 மி.மீ. அல்லது 91 மி.மீ. வகைக்குப் போங்கள். அவற்றில் ஸ்பார்ட்டன் என்ற 91 மி.மீ. கத்தியைத்தான் நான் வைத்திருக்கிறேன். அதிலுள்ள தக்கை திருகியை ஊரில் ஒரு நாளும் தொட்டதில்லை. டின் மீன் திறக்கும் கருவியைப் பலமுறை எடுத்திருக்கிறேன்.

பிரான்சின் ஒப்பினெல் கத்தியைப் பலரும் விரும்புவார்கள். 1890 முதல் செய்யப்படுகிற அழகான மரப்பிடிக் கத்தி. எனினும் ஊருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடற்காற்றிலும் மாரி ஈரத்திலும் மரப்பிடி ஊதினால் அலகு பிடிக்குள் இறுகி, நகத்தால் இழுக்க வராது. அதன் கரிம உருக்கு அலகில் புளிப்புப் பட்டால் சற்று நேரத்தில் கறுத்துவிடும். மேலும், 8ஆம் எண் கத்தியின் அலகு 8.5 செ.மீ. நீளமானது, சுழல் வளையத்தால் பூட்டவும் கூடியது. ஊருக்குத் துருப்பிடிக்காத உருக்கே சரி. அது சற்று விரைவில் மழுங்கும் என்பது உண்மைதான். ஆனால் துருவைப் போக்குவதை விடக் கூர் போடுவது எளிது.

கடையில் எடுத்துப் பார்க்கும்போது ஒவ்வொரு அலகையும் நீங்களே நகத்தால் விரித்துப் பாருங்கள். பாதி விரிந்த நிலையில் வில்லின் இறுக்கம் கையில் தெரிய வேண்டும். முழுதும் விரிந்ததும் 'டிக்' என்று உட்கார வேண்டும். அலகின் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வாங்குவதென்றால் புதிய கத்தியின் வில் அவர்களின் விரலுக்கு மிகவும் கடினமாக இருக்கும்; வாங்கிய கையோடு அவர்களிடம் கொடுத்துவிடாமல், ஒரு துளி எண்ணெய் விட்டு, சில நாட்கள் நீங்கள் விரித்து மடித்துப் பழக்கிவிட்டுக் கொடுங்கள்.

விமானப் பயணத்தில் பெரும்பாலோர் கத்தியை இழப்பது, புறப்படும் இடத்தில் விட்டார்கள் என்ற நம்பிக்கையாலேயே. ஐரோப்பிய விமான நிலையங்களின் பொது விதி, 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகைக் கைப்பையில் தடுக்கிறது. கனடாவும் 2017 நவம்பரில், அமெரிக்காவுக்கான பறப்புகள் தவிர்ந்த மற்றவற்றுக்கு 6 செ.மீ. வரை அனுமதித்தது. எனவே சாவிக் கொத்துக் கத்தியோடு ஒருவர் தம் நகரில் தடையின்றி விமானம் ஏறிவிடலாம். ஆனால் எங்களில் பெரும்பாலோர் வளைகுடா நாடொன்றில் விமானம் மாறித்தான் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகிறோம். மாறும் இடத்தில் கைப்பையை மறுபடியும் சோதிக்கிறார்கள். நான் முதன்முதலாக வேலை பார்த்த உணவக சமையலறையை விட்டு விலகிய நாளில் தலைமைச் சமையற்காரர் என் கையில் வைத்த சின்னக் கத்தி, அப்படியொரு மாறுமிடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விழுந்தது. கெஞ்சிப் பார்த்தேன், பயனில்லை. அந்த அதிகாரி தம் கடமையைச் செய்தார், பிழை என்னுடையது. இன்றும் அந்த இழப்பு மனதை உறுத்துகிறது.

ஆகையால் அளவு எதுவானாலும், ஒப்படைக்கும் பெட்டிக்குள் வையுங்கள். மடித்து, தடித்த துணியில் சுற்றி, பெட்டியைத் திறந்து சோதிப்பவரின் விரலில் படாதபடி ஒரு சிறு பைக்குள் இடுங்கள். கைப்பை மட்டும் கொண்டு பயணம் செய்பவர்கள் கத்தியைக் கொண்டு போகாமல் இருப்பதே நல்லது. சென்னை வழியாக யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் பறப்பவர்கள், இரண்டு பயணச்சீட்டுகளும் தனித்தனியானவை என்றால், சென்னையில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். இந்திய ஆயுத விதிகள் உரிமம் கேட்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளுக்கு என்பதால், இந்தச் சின்னக் கத்தியைப் பற்றி அங்கே கவலைப்பட வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்து சாமான் எடுக்கும் அவசரத்தில் கத்தி கைப்பைக்கு மாறிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஊரில் அதை எப்போதும் சட்டைப்பையில் வைத்துத் திரிய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வீட்டிலும் தோட்டத்திலும் கடற்கரையிலும் அதற்கு வேலை உண்டு. வாழையிலை வெட்டலாம், தென்னங்கன்றைக் கட்டக் கயிறு நறுக்கலாம், கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைக் காம்புப் பக்கமிருந்து சீவி, பிள்ளைகளுக்குக் கன்னம் கன்னமாக வெட்டிக் கொடுக்கலாம். ஆனால் நீதிமன்றம், மருத்துவமனை, பாடசாலை, கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகம், வங்கி ஆகியவற்றுக்குப் போகும் நாளில் அதை வீட்டில் வைத்துவிடுங்கள். நல்லூரின் 25 நாள் திருவிழாவுக்கோ மடுத் திருவிழாவுக்கோ போகும்போதும் அப்படியே. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு வழிபாட்டிடங்களில் பை திறந்து பார்ப்பது யாருக்கும் வியப்பானதாக இல்லை. அந்தக் கூட்டத்தில் உங்கள் பையிலிருந்து ஒரு கத்தி வெளியே வருவது, பக்கத்தில் நிற்கும் தாய்க்கு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மாம்பழச் சாறு அலகின் அடிமூட்டுக்குள் இறங்கினால் மறுநாள் காலையில் எறும்பு மொய்த்திருக்கும். இளஞ்சூட்டு நீரில் அமிழ்த்தி, நீருக்குள்ளேயே நாலைந்து முறை விரித்து மடித்து, துடைத்து, வெயிலில் சற்று வைத்த பிறகு மூட்டில் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் அலகின் மேல் தடவ நல்லது, மூட்டுக்குள் விட்டால் நாளடைவில் பிசின்போல் இறுகும்; தையல் இயந்திர எண்ணெயைக் கையாண்டால், பழம் வெட்டுமுன் அலகைத் துடைத்துக்கொள்ளுங்கள். சாணை பிடிப்பவரிடம் இந்த மெல்லிய அலகைக் கொடுக்காதீர்கள். தீப்பொறி பறக்கும் சில்லின் சூட்டில் உருக்கின் பதம் போய்விடும். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மினுக்கம் பூசாத சொரசொரப்பான வளையம் ஒன்று தெரியும். அதன்மேல் அலகைச் சிறு சாய்வில் வைத்து, பக்கத்துக்குப் பத்து இழுப்பு இழுத்தால் தக்காளித் தோலை அழுத்தாமலே வெட்டும்.

திரும்பும்போது பலர் கத்தியை யாருக்காவது கொடுத்துவிட்டு வருகிறார்கள். நானும் இரண்டு முறை கொடுத்திருக்கிறேன். ஊர் வழக்கப்படி கையில் கொடுக்காமல் மேசையில் வையுங்கள், பெறுபவர் எடுத்துக்கொள்ளட்டும். கொடுக்கவில்லையென்றால், கட்டுநாயக்கவுக்குப் போக வான் வண்டி வருவதற்கு முதல்நாள் இரவே, காற்சட்டைப் பைகளையும் சாவிக் கொத்தையும் பிள்ளைகளின் முதுகுப்பைகளையும் ஒருமுறை தடவிப் பார்த்து, கழுவித் துடைத்த கத்தியைப் பெரிய பெட்டியின் நடுவில், துணிகளுக்கு இடையே வைத்துவிட்டு, பிறகு பெட்டியைப் பூட்டுங்கள்.