சேர்ந்து வாழ ஓர் ஊர்: கூட்டுறவுச் சூழல் கிராமத்தைத் திட்டமிடும் முறை

இயற்கைக்கு இசைவாகப் பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் சூழல் கிராமம் அமைக்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் நிலம் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல நிலம் கண்ணில் பட்டதும் அவசரம் தொற்றிக்கொள்கிறது. யார் கையில் பணம் இருக்கிறதோ அவர் பெயரிலேயே பத்திரம் பதிவாகிவிடுகிறது. அதன்பின் ஆளுக்கொரு வாக்கு என்று எழுதி வைத்தாலும் பயனில்லை. நிலத்துக்காரர் முகம் சுளித்தால் கூட்டத்தில் தீர்மானம் நகராது. அதனால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்: ஆட்கள், எழுத்து, நிலம், தண்ணீர், கடைசியில் வீடு.

ஆட்களும் எழுத்தும்

தொடங்குவதற்கு ஐந்து முதல் எட்டுப் பேர் போதும். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஒழுங்காகக் கூடிப் பேசுங்கள். முடிவில் கிராமத்தில் 15 முதல் 35 வீடுகள் இருந்தால் நிர்வாகம் சுலபம். பத்துக்கும் கீழே போனால் இரண்டு குடும்பங்கள் விலகினாலே கணக்கு கவிழும். நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியாது. பொதுவேலைக்கு வராதவர் யார் என்பதும் தெரியாது.

நோக்கத்தை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். 'இயற்கையோடு இணைந்த வாழ்வு' என்று எழுதினால் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், ஆளுக்கொரு பொருளில். உண்மையான வேறுபாட்டை வெளியே கொண்டுவருபவை சில்லறைக் கேள்விகள்தான். பொதுச் சமையலறையில் இறைச்சி சமைக்கலாமா? நாய்களைக் கட்டிப்போட வேண்டுமா? வீட்டை வாடகைக்கு விடலாமா? சொந்தமாக ஆழ்துளைக் கிணறு போடலாமா? களைக்கொல்லி அடிக்கலாமா? விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம்? இவற்றுக்கான பதிலை எழுத்தில் வைக்கும்போது இரண்டு மூன்று பேர் விலகிப்போவார்கள். அது நல்லதுதான், வீடு கட்டியபின் விலகினால் செலவு அதிகம்.

நிலம் கூட்டுறவு அமைப்பின் பெயரில் இருக்க, குடும்பங்களுக்கு நீண்டகாலக் குடியிருப்பு உரிமை மட்டும் இருக்கட்டும். இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் 1844-இல் தொடங்கிய கூட்டுறவுக் கடை கடைப்பிடித்த விதிகளில் இரண்டு இன்றும் அடிப்படை: உறுப்பினருக்கு ஒரு வாக்கு, முதலீட்டுக்கு வரையறுக்கப்பட்ட வட்டி. இதில் ஒரு விஷயத்தைப் பலர் தெளிவாக்காமல் விட்டுவிடுகிறார்கள்: வாக்கு குடும்பத்துக்கா, வயதுவந்த ஒவ்வொருவருக்குமா? இரண்டில் எதுவானாலும் சரி, எழுதிவிடுங்கள். உங்கள் நாட்டுக் கூட்டுறவுச் சட்டம் வீட்டுவசதிச் சங்கங்களுக்கு என்ன வரம்பு வைத்திருக்கிறது என்பதை இந்தக் கட்டத்திலேயே வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

துணைவிதிகளில் அதிக நேரம் செலவிட வேண்டியது விலகல் விதிக்கு. ஒருவர் வெளியேறும்போது அவருக்கு எவ்வளவு, எப்போது, எங்கிருந்து கொடுப்பது? நடைமுறைக்கு ஒத்துவரும் ஏற்பாடு இது: ஆறு மாத முன்னறிவிப்பு, போட்ட மூலதனத்தைக் கட்டுமானச் செலவுக் குறியீட்டின்படி திருத்தி மதிப்பிடுதல், புதிய உறுப்பினர் வந்ததும் முழுத்தொகை, வராவிட்டால் மூன்று முதல் ஐந்து வருடத் தவணை, ஒரே வருடத்தில் வெளியே போகும் மொத்தத் தொகை பங்கு மூலதனத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை இல்லாத கிராமத்தில் ஒரே ஆண்டில் மூன்று குடும்பங்கள் கிளம்பினால் நிலத்தில் ஒரு துண்டை விற்கத்தான் வேண்டியிருக்கும். இறப்பு, மணமுறிவு, வாரிசு ஆகியவற்றுக்கும் தனித்தனி விதி வேண்டும். எல்லோரும் சிரித்த முகத்தோடு இருக்கும்போதே எழுதினால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை இது.

முடிவெடுக்கும் முறையில் முழு ஒருமித்த கருத்துக்காகக் காத்திருப்பது சோர்வைத்தான் தரும். 'எனக்குப் பிடித்திருக்கிறதா' என்று கேட்காமல் 'கிராமத்தின் நோக்கத்துக்கு இது தீங்கு செய்யுமா' என்று கேட்கிற இசைவு முறை வேகமானது. ஆட்சேபிப்பவர் காரணம் சொல்ல வேண்டும், மாற்றுத் திருத்தத்துக்கும் உழைக்க வேண்டும். இரண்டு கூட்டங்களில் பேசியும் முடியாவிட்டால் முக்கால் பங்கு வாக்கு. நிலம் விற்பது, கடன் வாங்குவது, உறுப்பினரை நீக்குவது போன்றவற்றுக்கு மட்டும் இன்னும் உயர்ந்த வரம்பு. குழாய் மாற்றுவதையும் பெயின்ட் நிறத்தையும் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். தண்ணீர், கட்டுமானம், கணக்கு, உணவு என்று குழுக்கள் பிரித்து ஒவ்வொன்றுக்கும் செலவு வரம்பு கொடுங்கள். எல்லாமே பொதுக்கூட்டத்துக்கு வந்தால் நள்ளிரவு வரை உட்கார நேரம் உள்ளவர்கள் மட்டுமே ஊரை ஆளுவார்கள்.

நிலம்

ஒரு நிலத்தை இரண்டு முறையாவது பாருங்கள்: கடும் மழையில் ஒருமுறை, வறட்சியின் உச்சத்தில் ஒருமுறை. மழையில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வழியாக ஓடுகிறது என்பதை அங்கேயே வரைபடத்தில் குறித்துக்கொள்ளவும். வறட்சியில் கிணற்றையோ ஆழ்துளைக் கிணற்றையோ 24 மணிநேரம் தொடர்ந்து இறைத்து, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தியபின் எத்தனை மணிநேரத்தில் பழைய மட்டத்துக்கு ஏறுகிறது என்று அளக்க வேண்டும். அரைமணி நேரம் மோட்டாரைப் போட்டு 'தண்ணீர் பீய்ச்சி அடிக்குது' என்று காட்டுவது சோதனையே அல்ல. அந்தத் தண்ணீரில் உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக், கோலிஃபார்ம் கிருமி ஐந்தையும் ஆய்வகத்தில் பாருங்கள்.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை: முந்தைய உரிமைத் தொடர்ச்சி, வில்லங்கம், பொதுப்பாதையிலிருந்து நிலத்துக்குச் சட்டப்படியான வழியுரிமை, நிலப் பயன்பாட்டு வகை. விவசாய நிலம் என்று வகைப்படுத்திய இடத்தில் இருபது வீடுகளைக் கூட்டமாகக் கட்ட அனுமதி கிடைக்காமல் போகலாம். நிறையத் திட்டங்கள் முடங்குவது இங்கேதான். ஆகவே ஒப்பந்தத்தில் 'கட்டட அனுமதி கிடைத்தால் மட்டுமே கிரயம்' என்ற நிபந்தனையோடு முன்பணம் கொடுங்கள். சரிவு மூன்று முதல் பத்து சதவீதம் இருந்தால் வடிகாலும் சரியாகும், அஸ்திவாரமும் சிக்கலாகாது.

தண்ணீர்க் கணக்கு

அறுபது பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் என்றால் 6,000 லிட்டர். நான்கு மாதம் மழையில்லை என்று வைத்தால் 7,20,000 லிட்டர். இவ்வளவையும் தொட்டியில் தேக்குவது வீண்செலவு. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்குப் பத்து லிட்டர் என்று பிரித்தால் அந்த நான்கு மாதத்துக்கு 72,000 லிட்டர்தான் வருகிறது. இதைக் கூரையிலிருந்தே பிடிக்கலாம். ஒரு சதுர மீட்டரில் விழும் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். சிதறலும் ஆவியும் போக எண்பது சதவீதம் கைக்கு வரும். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடத்தில், 150 சதுர மீட்டர் பொதுக்கூரை 96,000 லிட்டர் தரும். கூரையைக் கழுவி வரும் முதல் மழைநீரை, சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் வீதம், தனிக் குழாயில் வெளியேற்றிவிட வேண்டும். தொட்டிக்குள் வெளிச்சம் போகக்கூடாது, பாசி பிடிக்கும். நிரம்பி வழிகிற குழாய்க்குக் கொசுவலை கட்ட மறக்கிறார்கள்.

மீதித் தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறும், அதை ஊட்டும் குளமும். சம உயரக் கோட்டின்மேல் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு) வெட்டிய அகழிகளில் மழைநீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குங்கள். ஒவ்வொரு அகழிக்கும் வழிந்தோடும் வாய் ஒன்று, கல் பதித்து, அடுத்த அகழியை நோக்கி இருக்க வேண்டும். அந்த வாய் இல்லாமல் வெட்டினால் முதல் பெருமழையில் கரை உடையும், கீழேயுள்ள அகழிகளும் வரிசையாக உடையும். செங்குத்தான சரிவிலும், களிமண் வழுக்கும் இடத்திலும் அகழியே வேண்டாம்.

குளியல், துணி, சமையலறைக் கழிவுநீரைச் சுத்திகரிக்க, செடி நட்ட ஜல்லிப் படுகை நல்ல வழி. ஆளுக்கு ஒன்றரை சதுர மீட்டர் வைத்தால் அறுபது பேருக்கு 90 சதுர மீட்டர், ஆழம் 60 சென்டிமீட்டர், அடியில் நீர்புகாத விரிப்பு, 10 முதல் 20 மில்லிமீட்டர் ஜல்லி, நுழைவிலும் வெளியேற்றத்திலும் பெரிய கற்கள், நாணலும் கல்வாழையும். தண்ணீர் மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு ஐந்து சென்டிமீட்டராவது கீழே இருந்தால் கொசு வராது. படுகை நாறத் தொடங்கினால் முதலில் நுழைவாயைத் தோண்டிப் பாருங்கள். சமையலறை எண்ணெய்தான் அங்கே அடைத்திருக்கும். எண்ணெய்ப்பொறியும் வண்டல் தொட்டியும் இல்லாத படுகை சில வருடங்களிலேயே அடைந்துவிடும். படுகையின் இடம் வீடுகளுக்குக் கீழே, தோட்டத்துக்கு மேலே. அப்போது மோட்டார் தேவையில்லை.

உலர் கழிப்பறை வைப்பதானால் இரண்டு அறைகளாகக் கட்டவும். ஒன்று நிரம்பியதும் மூடி, வெப்பமான இடத்தில் ஒரு வருடத்துக்குக் குறையாமலும் குளிரான இடத்தில் இரண்டு வருடம் வரையிலும் ஆறவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு குவளை சாம்பலோ மரத்தூளோ போடாவிட்டால் ஈரம் ஏறி ஈ மொய்க்கும். சாம்பல் வாளியை நிரப்புவது யார் பொறுப்பு என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். குடிநீர்க் கிணற்றிலிருந்து கழிவுக்குழி 30 மீட்டராவது தள்ளியிருக்கட்டும்.

அமைப்பும் பொதுவீடும்

வீடுகளை நிலம் முழுக்கத் தெளித்தது போல வைக்காதீர்கள். நிலத்தில் பத்து, பதினைந்து சதவீதத்துக்குள் கூட்டமாக வைத்தால் குழாய், கம்பி, பாதை எல்லாம் சுருங்கும். முப்பது மீட்டர் இடைவெளியில் இருபது வீடுகளை வரிசையாக வைத்தால் பிரதானக் குழாயே 570 மீட்டர் ஓடும். இரண்டு முற்றங்களைச் சுற்றி வைத்தால் அதில் ஒரு பகுதியே போதும். பள்ளத்தை மூடுமுன் ஒவ்வொரு குழாயையும் அளவுநாடா தெரியும்படி படமெடுத்து வைக்கவும்.

டென்மார்க்கில் 1972-இல் எழுந்த சேட்டடாமென் குடியிருப்பும் அதன்பின் வந்த கூட்டுக் குடியிருப்புகளும் ஊருக்குப் பொதுவீடும் பொதுச் சாப்பாடும்தான் மையம் என்று காட்டின. வண்டி நிறுத்துமிடம் ஓரத்தில், வீடுகள் உள்ளே, நடுவழியில் பொதுவீடு. வீட்டுக்குப் போகிற எவரும் அதைக் கடந்தே போக வேண்டும். ஒதுக்குப்புறத்தில் காட்சி நன்றாயிருக்கிறதே என்று கட்டிய பொதுவீடு பூட்டியே கிடக்கும். வீடுகளின் சமையலறை ஜன்னல் பொதுப்பாதையைப் பார்க்கட்டும், பின்பக்கம் தனிமைக்கு.

பொதுவீட்டில் வயதுவந்தோரில் அறுபது சதவீதம் பேர் ஒரே நேரத்தில் உட்காரும் சாப்பாட்டுக்கூடம், சமையலறை, துணி துவைக்குமிடம், பட்டறை, விருந்தினர் அறை இருந்தால் தனி வீடுகளை 50 முதல் 70 சதுர மீட்டருக்குள் அடக்கலாம். கூடத்தின் எதிரொலியை வரைபடத்திலேயே கவனியுங்கள். சிமென்ட் தரை, வெற்றுச்சுவர், கான்கிரீட் கூரை சேர்ந்தால் முப்பது பேர் பேசுகிற இரைச்சலில் முதியவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கூரையடியில் மரக்கம்பளி (மெல்லிய மரச்சீவல் இழை) அல்லது தென்னைநார்ப் பலகை அடித்தால் பெருமளவு அடங்கும்.

சமையல் முறைக்கணக்கு எளிது. வயதுவந்தோர் முப்பது பேர், ஒரு வேளைக்கு மூன்று பேர் சமையல், வாரத்துக்கு மூன்று வேளை என்றால், மூன்று வாரத்துக்கு மேல்தான் ஒருவருக்கு முறை திரும்பும். தினமும் பொதுச் சாப்பாடு என்று ஆர்வத்தில் தொடங்கினால் பத்து நாளைக்கு ஒருமுறை முறை வரும், அலுத்துப்போகும்.

பொதுவேலைக்கு மாதம் எட்டு மணிநேரம் நியாயமான அளவு. வராதவர் பணம் கட்டலாம் என்ற விதி வைத்தால் வசதியானவர்கள் மெல்ல வேலையிலிருந்து கழன்றுவிடுவார்கள். நோயாளிக்கும் முதியவருக்கும் உட்கார்ந்து செய்யும் வேலை ஒதுக்குவது மேல்.

மின்சாரம், கட்டுமானம், பணம்

வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஐந்து யூனிட் வீதம் இருபது வீட்டுக்கு நூறு. மோட்டாருக்கும் பொதுவீட்டுக்கும் முப்பது. நல்ல வெயில் இடத்தில் ஒரு கிலோவாட் சோலார் தினமும் ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். 130-ஐ நான்கால் வகுத்தால் 33 கிலோவாட். இழப்புக்கும் தூசிக்கும் சேர்த்து 40 வைக்கலாம். இரவுத் தேவை ஐம்பது யூனிட் என்றால், எண்பது சதவீதமே பயன்படுத்துவதாக வைத்து 63 யூனிட் பேட்டரி. மோட்டாரை நண்பகலில் ஓட்டி மேல்நிலைத் தொட்டியை நிரப்பினால் பேட்டரிச் செலவு மிச்சம்.

சுவருக்கு, மேல்மண்ணைத் தோட்டத்துக்கு ஒதுக்கிவிட்டு, அடிமண்ணில் சிமென்ட் கலந்து அழுத்திய கல் செய்யலாம். மணல் பாதியளவு, களிமண் ஐந்தில் ஒரு பங்கு உள்ள மண்ணுக்கு ஐந்து சதவீதம் சிமென்ட் பொதுவாகப் போதும். கண்ணாடி ஜாடியில் மண்ணைக் கரைத்துப் படியவிட்டால் விகிதம் ஓரளவு தெரியும். 28 நாள் ஈரமாக வைத்துப் பதப்படுத்தாமல் அடுக்கிய கல் விளிம்பு உதிரும்.

வரவுசெலவில் எப்போதும் குறைத்து மதிப்பிடுவது பாதை, குழாய், கழிவுநீர், மின்கம்பி. மொத்தத்தில் பதினைந்து சதவீதம் எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குங்கள். மாதச் சந்தாவில் தேய்மான நிதி சேரட்டும்: பொருளின் விலையை ஆயுளால் வகுத்து, பத்து வருட மோட்டாருக்கு ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு. மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு உறுப்பினர் முன்பணம் கட்டும்வரை கட்டுமானம் தொடங்க வேண்டாம். தொடங்கினால் முதலில் பள்ளமும் குழாயும், பிறகு பொதுவீடு, அதன்பின் ஆறு முதல் எட்டு வீடுகள். முதலில் வருகிறவர்கள் பொதுவீட்டிலேயே தங்கிச் சமைத்துக்கொள்ளலாம்.

தோட்டத்தைப் பொறுத்தவரை முதல் வருடம் காற்றுத்தடுப்பு மரங்களும் எருக்குழியும் மட்டும். தன்னிறைவு என்ற பேச்சை ஐந்து வருடத்துக்குத் தள்ளிவையுங்கள்.

புதியவர் எவரானாலும் ஆறு மாதமாவது கிராமத்தில் தங்கிப் பார்த்தபின் உறுப்பினராகட்டும். அதற்கென்று ஒரு வாடகை வீட்டைக் காலியாகவே வைத்திருக்க வேண்டும். பணத்தட்டுப்பாடு வரும் மாதத்தில்தான் 'இவரை மட்டும் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளலாமே' என்ற பேச்சு வரும். அந்த மாதத்தில் யாரையும் சேர்க்காமல் இருக்க, ஆறு மாதச் செலவுக்கான பணம் தனிக்கணக்கில் இருக்கட்டும்.